கட்டிலுக்கடியில் கிடந்த தட்டுகள்

“தம்பி, இது பழசா, புதுசா?”

கீழக்கரையில் முன்பு மைக்செட் வைத்திருந்த காக்கா (எங்கள் பக்கம் மூத்தவர்களை அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் ஒரு எல்.பி. ரெக்கார்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது. 1979-இல் வந்த பாட்டு என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன். உறையிலிருந்து தட்டை உருவியவர், விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தார். பாட்டு ஓடும் இடத்தில் ஒரு விரல்கூடப் படவில்லை. தொழிலை விட்டு இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. “ஒரு கீறல் இல்ல. ஊசி ஓடின தடமே இல்ல. எழுபத்தொம்பதுங்கிறியே?”

பாட்டு பழசு, தட்டு புதுசு என்றேன். அவருக்கு அது போதவில்லை. நல்ல பாட்டு என்றால் அப்போதே ஏன் யாரும் வாங்கவில்லை? யாரும் வாங்காத பாட்டை முப்பது வருடம் கழித்து யார் மறுபடி போடுகிறார்கள்? அதை நீ எதற்குக் கடல் தாண்டி வரவழைக்கிறாய்? வரிசையாகக் கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சொன்ன பதிலைத்தான், சொந்தக் காசில் போட்டு மறந்துபோன தட்டுகள், சைக்கடெலிக் இசை, இவற்றின் மறுபதிப்பு என்று இந்தப் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தட்டின் கதை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரூட்லேண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் டானி எமர்சன், ஜோ எமர்சன் என்று இரண்டு பையன்கள். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகளின் பாட்டின் மேல் அப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. நிலத்தின் பேரில் கடன் வாங்கி, பண்ணையிலேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக் கொடுத்தார். 1979-இல் ‘ட்ரீமின் வைல்ட்’ என்ற தட்டைச் சொந்தக் காசில் போட்டார்கள். விற்கவில்லை. கடனுக்கு நிலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, ஸ்போக்கேன் நகரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தத் தட்டு ஒரு சேகரிப்பாளரின் கையில் அகப்பட்டது. அவர் கேட்டார், நண்பர்களுக்குக் கொடுத்தார், பேச்சு பரவியது. 2012-இல் சியாட்டிலில் உள்ள லைட் இன் தி ஆட்டிக் என்ற நிறுவனம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. என் கையில் இருந்தது அந்த மறுபதிப்பு.

இப்படிச் சொந்தக் காசில் போட்ட தட்டுகளை ஆங்கிலத்தில் ‘பிரைவேட் பிரஸ்’ என்பார்கள். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஊருக்கு ஒரு கவிஞராவது இருப்பார். பதிப்பகம் எதுவும் ஏறெடுத்துப் பார்க்காது. மோதிரத்தை அடகு வைத்தாவது அச்சகத்தில் 300 பிரதி போடுவார். கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொஞ்சம் போகும், நண்பர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொஞ்சம் போகும், மிச்சம் கட்டிலுக்கடியில் கட்டோடு கிடக்கும். அதில் பெரும்பாலானவை சுமார்தான். ஆனால் எப்போதாவது ஒன்று நெஞ்சைப் பிடித்து உலுக்கும். கடையில் தேடினால் கிடைக்காது, நூலகத்திலும் இருக்காது. பிரைவேட் பிரஸ் தட்டு என்பது இதே கதையின் ரெக்கார்டு வடிவம். 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கா, பிரிட்டன் எங்கும் தட்டு அடித்துக் கொடுக்கும் ஆலைகள் வெளியாளின் வேலையையும் எடுத்துச் செய்தன. பாட்டையும் பணத்தையும் கொடுத்தால் அட்டைப்பெட்டியில் தட்டு வந்துவிடும். அப்புறம் விற்பது உன் பாடு.

எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். பிரிட்டனில் அப்போது ரெக்கார்டுகளுக்குக் கொள்முதல் வரி இருந்தது. நூறு பிரதிக்குக் குறைவாக அடித்தால் அந்த வரி கிடையாது. அதனால் பல குழுக்கள் 99 பிரதியோடு நிறுத்திக்கொண்டன. உலகம் முழுக்க 99. அதில் வளைந்தது, உடைந்தது, குப்பைக்குப் போனது எல்லாம் கழிந்து இன்றைக்கு ஏலத்துக்கு ஒன்று வந்தால் விலை லட்சங்களில் போகிறது. பாட்டு நன்றாக இருப்பதால் மட்டும் அந்த விலை வருவதில்லை. அரியதாக இருப்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். இதைத் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நிறையப் பணம் மிச்சமாகும்.

எண்ணிக்கை குறைந்தது வரியால் மட்டும் அல்ல. நியூ ஹாம்ப்ஷயரில் ஃப்ரீமான்ட் என்ற ஊரைச் சேர்ந்த விகின் சகோதரிகள் ‘தி ஷாக்ஸ்’ என்ற பெயரில் 1969-இல் ஒரு தட்டு போட்டார்கள். குழு அமைத்ததும் தட்டுக்குக் காசு கொடுத்ததும் அவர்களுடைய அப்பா. 1,000 பிரதிக்குப் பணம் கட்டினார், கையில் வந்தது நூறு சொச்சம், மிச்சம் போன இடம் தெரியவில்லை என்றுதான் அந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது. அந்தப் பெண்களின் தாளம் ஒரு பக்கம் போகும், கிட்டார் இன்னொரு பக்கம் போகும். முதல் முறை கேட்கும்போது சகிக்காது. நான்காவது முறை கேட்கும்போது, மூன்று பேரும் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்து ஒழுங்காகத்தான் வாசிக்கிறார்கள் என்று தெரியவரும். 1980-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அதைக் கேட்டது. 

சரி, தொடக்கத்தில் சொன்ன சைக்கடெலிக் இசை என்றால் என்ன? ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1950-களில் போதை மருந்து ஆராய்ச்சியின்போது உண்டாக்கிய சொல் அது. பத்து வருடத்தில் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. அந்த இசையை ரசிக்க மருந்து எதுவும் தேவையில்லை, காது போதும். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் போவது, எதிரொலி, டேப்பைப் பின்னோக்கி ஓட்டிய சத்தம், கிட்டாரின் ‘கர்ர்’ என்ற கிழிசல். இவைதான் அடையாளங்கள். நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவருக்கு முதல் அம்சம் அந்நியமே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். திருவிழாவில் ஊரின் இந்தக் கோடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர், அந்தக் கோடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். நடுவில் ஊருணிக் கரையில் நின்றால் ஒரே பாட்டு முன்னும் பின்னுமாக இரண்டாகக் கேட்கும். ஸ்டுடியோவில் காசு செலவழித்து உண்டாக்கிய எதிரொலி இதன் உறவுதான்.

அந்தக் கிழிசல் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது காக்காவின் முகம் மலர்ந்தது. 1964-இல் ‘தி கிங்க்ஸ்’ என்ற பிரிட்டிஷ் குழுவின் கிட்டார்காரர் டேவ் டேவிஸ், தன் ஸ்பீக்கரின் கோனை, அதாவது உள்ளே அதிரும் காகிதக் கூம்பை, பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். அதற்கு முன்பே 1962-இல் இந்தச் சத்தத்துக்காகவே காலால் மிதிக்கும் ‘ஃபஸ்’ பெட்டி ஒன்று கடைக்கு வந்துவிட்டது. “கோன் கிழிஞ்சா நாங்க ஓடி ஓடி ஒட்டுவோம். அவன் வேணும்னே கிழிச்சானா?” என்று கேட்டுவிட்டு, கிழிந்த கோனில் வரும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். சரியாக ஃபஸ் கிட்டார்.

இனி மறுபதிப்பு. இதை விளக்க எனக்கு உ.வே.சா.வை விட்டால் வேறு வழி தெரியவில்லை. சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது, புறநானூறு 1894-இல். அதற்கு முன்பும் அவை இருந்தன, செல்லரித்த ஏடாக, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில். ஒரு சுவடி கிடைத்ததும் அவர் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. ஊர் ஊராக நடந்து பல பிரதிகளைச் சேர்த்தார், ஒப்பிட்டார், எது நல்ல பாடம் என்று பார்த்தார், பாடபேதத்தைக் குறித்தார், குறிப்புரை எழுதினார். நல்ல மறுபதிப்பு நிறுவனம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. சிகாகோவின் நியூமெரோ குரூப், ஸ்பெயினின் கெர்சன், லாஸ் ஏஞ்சலிஸின் நௌ-அகெயின், பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் போன்றவர்கள் பெயர் எடுத்தது இந்த உழைப்பால்தான்.

தட்டுக்கு மூலச்சுவடி என்பது ஸ்டுடியோவில் பதிந்த மாஸ்டர் டேப். அது கிடைத்தால் கொண்டாட்டம். பெரும்பாலும் கிடைக்காது. ஸ்டுடியோவை மூடியிருப்பார்கள், டேப்பை அழித்து வேறு எதையாவது பதிந்திருப்பார்கள், வீட்டில் வைத்தது பூத்துப் போயிருக்கும். அப்போது மிஞ்சியிருக்கும் பழைய தட்டுகளில் சுத்தமானதாக ஒன்றைத் தேடி எடுத்து, கழுவி, நல்ல ஊசியில் ஓட்டி, அதிலிருந்து பதிவார்கள். பொரிபொரி சத்தத்தை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அளவுக்கு மீறி நீக்கினால் பாட்டின் உயிரும் சேர்ந்து போய்விடும். சிம்பலின் ‘ஸ்ஸ்’ மழுங்கி, பாடுபவர் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல ஆகிவிடும். என்னைக் கேட்டால், கொஞ்சம் பொரியட்டும், பாட்டு உயிரோடு இருக்கட்டும்.

அப்புறம் அந்த ஒலியை வைத்து, லாக்கர் என்ற மெருகு பூசிய அலுமினியத் தகட்டில் புதிதாகத் தடம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான பி.வி.சி.யை அழுத்தினால் தட்டு. இந்தத் தகட்டைச் செய்வது உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு ஆலை எரிந்தபோது மிஞ்சியது ஜப்பானில் இருந்த ஒன்றுதான். ஒரு தட்டு வரத் தாமதமானால் எரிச்சல்படாமல் இருக்க இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது.

நான் மிகவும் அக்கறைப்படும் இடம் இனிமேல் வருவது. மறுபதிப்பு எல்லாம் ஒன்றல்ல. வாசித்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து, அவர்கள் கதையைக் கேட்டுச் சிறு புத்தகமாக உள்ளே வைத்து வெளியிடுவது ஒரு வகை. யாரையும் கேட்காமல், பழைய தட்டையோ ஒரு சி.டி.யையோ அப்படியே நகலெடுத்து அடிப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் பாடியவருக்கு ஒரு பைசா போகாது. ஒருமுறை வாசல் கதவை அடைத்துவிட்ட உலகம், இரண்டாவது முறை கொல்லை வழியாக வந்து திருடிப் போவது மாதிரி. பாடியவர் அப்பன் சொத்தை அடகு வைத்துப் போட்ட தட்டு அது.

தொடக்கத்தில் நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். விலை மலிவு, அட்டை பளபள. உறையை மேசையில் வைத்துப் பார்க்கும்போது அழுக்காக ஒரு வட்டம் தெரிந்தது. பழைய அட்டைகளில் உள்ளே இருக்கும் தட்டு உரசி உரசி அப்படி ஒரு வளையம் விழும். துணியால் துடைத்தேன். போகவில்லை. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது, அந்த அழுக்கு அச்சிலேயே இருந்தது. யாரோ ஒருவருடைய பழைய பிரதியை அழுக்கோடு ஸ்கேன் எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். விலைச் சீட்டு கிழித்த தழும்புகூடப் படமாக வந்திருந்தது. ஒலியும் அதற்கேற்ப இருந்தது.

அன்றிலிருந்து எதையும் வாங்குமுன் சிலவற்றைப் பார்க்கிறேன். பின்னட்டையில் யாருடைய உரிமம் பெற்று வெளியிட்டது என்று ஒரு வரி இருக்கிறதா? நிறுவனத்தின் முகவரி இருக்கிறதா? ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது, டேப்பா தட்டா என்று சொல்கிறார்களா? தட்டிலிருந்து எடுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்பவரை நான் நம்புவேன். எதுவுமே சொல்லாமல் ‘180 கிராம் கனத் தட்டு’ என்று மட்டும் பெரிதாகப் போடுபவரிடம் எச்சரிக்கையாக இருப்பேன். கனம் என்பது பிளாஸ்டிக்கின் கனம்தான், பாட்டின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

பழைய மூலப்பதிப்பு என்று யாராவது விற்க வந்தால், கைபேசி டார்ச்சைப் போட்டுத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கடைசிப் பாட்டு முடிந்து, நடுச் சீட்டுக்கு முன்னால் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் பூனை முடி அளவுக்கு மெல்லிய எழுத்துகள் கீறியிருக்கும். வெளிச்சம் சரியான சாய்வில் விழும்போதுதான் தெரியும், கையை ஒரு நூல் அசைத்தால் மறையும். எண்கள், சில சமயம் தடம் வெட்டியவரின் முதலெழுத்து. டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இந்தக் கீறல் என்ன என்று சேகரிப்பாளர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். இன்னும் எளிய சோதனை வேண்டுமென்றால் பார்கோடு. 1970-இல் வந்த மூலப்பதிப்பு என்று சொல்லும் அட்டையில் பார்கோடு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ரெக்கார்டு அட்டைகளில் பார்கோடு வந்ததே அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான்.

அமெரிக்காவையும் பிரிட்டனையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது முழு உண்மை இல்லை. ஜாம்பியா 1964-இல் விடுதலை அடைந்தது. அடுத்த பத்து வருடத்தில் செம்புச் சுரங்க ஊர்களில் ஃபஸ் கிட்டாரோடு குழுக்கள் கிளம்பின. அதை ஜாம்ராக் என்கிறார்கள். அதில் ‘விட்ச்’ என்ற குழுவின் பாடகர் இம்மானுவேல் ஜகாரி சாண்டா. செம்பு விலை விழுந்து நாடு நொடித்தது, எய்ட்ஸ் அந்தத் தலைமுறையின் இசைக்காரர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. உயிரோடு மிஞ்சிய ஜகாரி, மறுபதிப்புகள் வந்த பிறகு வயதான காலத்தில் மறுபடி மேடை ஏறி உலகம் சுற்றுகிறார். ஒரு தட்டை மறுபடி அடிப்பதால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

நம் நாட்டிலும் உண்டு. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக நடத்திய இசைக்குழுப் போட்டியிலிருந்து 1970, 71-இல் ‘சிம்லா பீட்’ என்று இரண்டு தட்டுகள் வந்தன. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ் என்ற குழு அதில் இருக்கிறது. பம்பாயின் ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’ குழுவை நௌ-அகெயின் மறுபதிப்பு செய்திருக்கிறது. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் இளையராஜாவின் பாடல்களையே தொகுத்துத் தட்டாக வெளியிட்டது.

நம் கரைக்கு எதிர்க்கரையை மறக்க முடியுமா? அப்போதெல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். இலங்கைப் பாடகர் ஏ.இ. மனோகரன் பாடிய பொப்பிசை (பாப் இசையை அங்கே அப்படிச் சொல்வார்கள்) எங்கள் தலைமுறையின் கல்யாண வீடுகளில் ஓடிய பாட்டு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கிட்டார் பிடித்துத் தமிழில் பாடியவர்கள் இன்னும் பலர். அவர்கள் தட்டுகளை யாராவது முறையாகத் தேடிப் பிடித்து, கதையோடு மறுபதிப்பு போட வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் பழைய மைக்செட்காரர்களின் மரப்பெட்டிகளில் சில இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

திறந்தால் என்ன கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பூஞ்சை. உப்புக்காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் தட்டின் மேல் பால் தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் படியும். பூஞ்சை பி.வி.சி.யைத் தின்பதில்லை, அதன் மேல் இருக்கும் தூசியையும் விரல் பிசுக்கையும் காகித உறையையும் பிடித்துத்தான் வளர்கிறது. அதனால் கழுவினால் போய்விடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய துணி. தடத்தின் வாக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுச் சீட்டில் தண்ணீர் படக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் நிற்க வைத்து உலர்த்தவும். பழைய 78 சுற்றுத் தட்டாக இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும்.

உலர்ந்ததும் பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கிறது. புது உள்ளுறை வாங்குங்கள். தட்டுகளைப் புத்தகம்போல நிற்க வைக்க வேண்டும், அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூட வைக்க வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்கள் ப்ளேயரின் ஒயர் முனைகளையும் அவ்வப்போது துடைக்க வேண்டும், உப்பு ஏறிப் பச்சை பூத்தால் ஒரு பக்க ஒலி காணாமல் போகும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வாங்குவதற்கு முன் கேளுங்கள். மறுபதிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் பாட்டுகளை இணையத்தில் கேட்க வைத்திருக்கின்றன. ஒரு மாதம் கேட்டும் மனதை விட்டுப் போகாத ஒன்றை மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு ஆகும் தபால் செலவும் சுங்கமும் தட்டின் விலையையே தாண்டிவிடுவது உண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்வது இங்கே எல்லோருக்கும் கைவந்த வழி. உடைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

காக்கா அன்றைக்கு அந்தத் தட்டைத் தன் பழைய ப்ளேயரில் போடத் துடித்தார். அதன் ஊசி கனமானது, மைக்செட்டுக்காக அமைத்தது, தட்டைக் கீறிவிடும் என்று சொல்லி என்னுடையதைக் கொண்டுபோயிருந்தேன். முதல் பக்கம் முழுக்கப் பேசாமல் கேட்டார். ஊசி உள்வளையத்தில் போய் நின்று டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

“நெலத்தை வித்தாரே, அந்த வாப்பா. இது மறுபடி வந்தப்ப இருந்தாரா?”

“இருந்தாரு காக்கா. எம்பது வயசு கிட்ட.”

“பார்த்துட்டாரா?”

“பார்த்துட்டாரு.”

காக்கா எழுந்து, ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடித்துத் தட்டைத் திருப்பிப் போட்டார்.